உலகம் முடியுதாம், பாலம் ஏறுது

உலகம் அழியப்போவுதுன்னு எவனாவது சொன்னா, பேராண்டி, பயப்படறதுக்கு முன்னால அவன் தேதி சொல்றானான்னு பாரு. தேதி சொல்லாம "காலம் கெட்டுப்போச்சு"ன்னு மட்டும் பெருமூச்சு விடுறவன்கிட்ட ஒண்ணும் பேச முடியாது. அதை எங்க பாட்டியும் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு. தேதி சொல்றவன்தான் நமக்கு வேண்டிய ஆளு. அவன்கிட்ட மரியாதையா கேளு: "அண்ணே, உங்க வீட்டை எனக்கு எழுதிக் குடுங்க. அந்தத் தேதி வரைக்கும் நீங்களே இருந்துக்கங்க. மறுநாள் காலையில வந்து சாவி வாங்கிக்கிறேன்." சும்மா கேக்காதே, ஐந்நூறு வெள்ளி நீட்டு. அழியப்போற வீட்டுக்கு ஐந்நூறு வெள்ளி கிடைச்சா அது கொள்ளை லாபம்தானே? பாகான் ஆஜாம் பக்கம் ஒரு மாடிவீட்டுக்காரர்கிட்ட நான் கேட்டுப் பார்த்தேன். கிரகச் சேர்க்கையைப் பத்தி ஒரு மணி நேரம் விடாம பேசின மனுஷன், பத்திரம்னு சொன்னதும் கோப்பியைப் பாதியிலயே வச்சிட்டு எழுந்து போயிட்டார். அந்தக் கோப்பிக்கும் காசு நான்தான் குடுத்தேன்.

நீ கைப்பேசியில காட்டின படம் நல்லாத்தான் இருந்துச்சு. கோளெல்லாம் வரிசையா நிக்குது, பின்னால பிரமிடு, அதுக்குப் பின்னால மாயன் கோயில், ஒருத்தன் தொண்டையைக் கிணத்துக்குள்ள விட்டுப் பேசறான். ஆனா அதுல சொன்ன சங்கதி பழசு. 2025 மார்ச் 29ஆம் தேதி மீன ராசியில ஆறு கிரகம் கூடுது, உலகம் தாங்காதுன்னு இதே மாதிரி ஒரு கூத்து நடந்துச்சு. சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், சனி, ராகுன்னு ஆறு. அன்னிக்கு என்ன ஆச்சு? ரெண்டு நாள் கழிச்சு ஹரி ராயா வந்துச்சு. பக்கத்து வீட்டுலேர்ந்து கெத்துப்பாட்டும் ரெண்டாங்கும் வந்துச்சு. நீதான் அதிகமா தின்னே.

அதுலயும் ஒரு வேடிக்கை கேளு. சனி மீனத்துக்கு மாறிட்டார்னு சொன்னது திருக்கணிதப் பஞ்சாங்கம். வாக்கியப் பஞ்சாங்கம் என்ன சொல்லுச்சு தெரியுமா? இல்லப்பா, அவர் கும்பத்துலயேதான் இருக்கார், 2026 மார்ச்சுலதான் வீடு மாறுறார்னு. திருநள்ளாறு கோயில்லயே 2025ல சனிப்பெயர்ச்சி இல்லன்னு சொல்லிட்டாங்க. அப்போ மீனத்துல கூடினது ஆறா, அஞ்சா? சனி பகவான் வீடு மாறினாரா இல்லையாங்கறதுலயே நம்ம ரெண்டு பஞ்சாங்கத்துக்கும் ஒரு வருஷத் தகராறு. அழிவு எந்தப் பஞ்சாங்கப்படி வரும்னு அழிவுக்கே தெரியாம நிக்குது. முதல்ல அதுங்க ரெண்டும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும்.

"ஆனா தாத்தா, ஒரு நாள் முந்தி, 28ஆம் தேதி, பர்மாவுல நிலநடுக்கம் வந்துச்சே, பாங்காக்குல கட்டடமே விழுந்துச்சே"ன்னு நீ கேப்பே. வந்துச்சு, 7.7 அளவுல. பாவம், ஆயிரக்கணக்குல ஜனங்க செத்தாங்க. அந்த சகாயிங் பிளவு 1839லயும் ஆடுச்சு, 1946லயும் ஆடுச்சு. அப்பல்லாம் மீனத்துல யாரு கூடினாங்கன்னு யாரும் தேடலை. இன்னொண்ணு சொல்றேன், அதை மட்டும் மனசுல வச்சிக்க. ஏழுக்கு மேல போற நிலநடுக்கம் உலகத்துல வருஷத்துக்கு சராசரியா பதினஞ்சு தடவை வருது. மாசத்துக்கு ஒண்ணுக்கு மேல. காலண்டர்ல கண்ணை மூடிக்கிட்டு எந்தத் தேதியைத் தொட்டாலும் முன்னாலயோ பின்னாலயோ ஒண்ணு மாட்டும். கிரகத்தை வச்சுச் சொன்னாலும் ஒண்ணுதான், கிளியை விட்டு எடுக்கச் சொன்னாலும் ஒண்ணுதான். கிளி ஒரு நெல்லோட முடிச்சிக்கும்.

இதுக்கெல்லாம் பெரிய தாத்தா ஒண்ணு இருக்கு. 1962. அதைத் தெரிஞ்சிக்கிட்டா இந்தப் படமெல்லாம் உனக்குப் பொம்மைக் கல்யாணம் மாதிரி தெரியும்.

1962 பிப்ரவரி 3லேர்ந்து 5 வரைக்கும் மகர ராசியில அஷ்டகிரகச் சேர்க்கை. சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, கூடவே கேது. எட்டு. ராகு மட்டும் எதிர்ப்பக்கம் கடகத்துல தனியா. கேது ஒரு நிழல், அவரைக் கழிச்சிட்டாலும் மிச்சம் ஏழு பேரும் இருபது பாகைக்குள்ள நெருக்கியடிச்சு நின்னது நிஜம். போதாததுக்கு நியூகினி பக்கம் முழு சூரிய கிரகணம் வேற. இந்தியாவுல தெருத்தெருவா ஹோமம், கோடி ஜெபம், சண்டி யாகம். நெய் நெருப்புல போச்சு. கல்யாணத்தைத் தள்ளிவச்சாங்க, பயணத்தைத் தள்ளிவச்சாங்க. நேரு சிரிச்சார். அவர் சிரிச்சதால யாரும் நெய்யைக் குறைக்கலை.

பர்மாவுல பிரதமரே இறங்கிட்டார். ஊ நூ நல்ல மனுஷன், பக்திமான். ஆடு, மாடு, கோழி, மீனுன்னு உசுருகளை விடுதலை பண்ணிப் புண்ணியம் தேடினார். கிரகம் அவரை விட்டுடுச்சு. தளபதி நே வின் விடலை. சரியா மார்ச் 2ஆம் தேதி ராணுவத்தைக் கூட்டிக்கிட்டு வந்து ஆட்சியைப் பிடிச்சார். வானத்துல எட்டுப் பேரைப் பார்த்துக்கிட்டு இருந்தவர், பின்னால வந்த ஒருத்தரைப் பார்க்கலை.

சிக்கிம் இளவரசர் கதை இன்னும் நல்லா இருக்கும். அவருக்கு ஒரு அமெரிக்கப் பொண்ணோட கல்யாணம் நிச்சயம் ஆச்சு, ஹோப் குக்னு பேரு. ஜோசியர்கள் 1962 ஆகாது, தள்ளிவைங்கன்னாங்க. தள்ளிவச்சார். 1963 மார்ச்சுல, நல்ல வருஷம், நல்ல நாள், கல்யாணம். 1975ல நாடே போச்சு, சிக்கிம் இந்தியாவோட சேர்ந்துடுச்சு. 1980ல பொண்டாட்டியும் விவாகரத்து. கெட்ட வருஷத்துலயே பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். நல்ல வருஷத்துல பண்ணினது இதுதான்.

ஒரே கூட்டத்தைப் பார்த்து ஆளுக்கொரு கதை சொன்னாங்கங்கறதும் உண்டு. நம்ம கணக்குல மகரம்னா வெள்ளைக்காரன் கணக்குல அது கும்பம். அங்க சில பேர் இது அழிவு இல்ல, புது யுகம் பொறக்குதுன்னு பாட்டுப் பாடிக் கொண்டாடினாங்க. ஜீன் டிக்சன்னு ஒரு அம்மா, 5ஆம் தேதி கிழக்குத் தேசத்துல ஒரு பிள்ளை பொறந்திருக்கு, உலகத்தையே ஆட்டிவைக்கும்னு சொல்லிச்சு. அந்தப் பிள்ளைக்கு இப்போ அறுபது தாண்டியிருக்கும். எந்த மாமாக் கடையில உக்காந்து தே தாரே குடிச்சிக்கிட்டு இருக்கோ.

இப்போ நம்ம பக்கத்துக்கு வா. நான் அப்போ சின்னப் பையன், பிறைக்கு அந்தப் பக்கம் ஒரு கித்தாத் தோட்டம். ஊர்லேர்ந்து எங்க அப்பாவுக்குக் கடுதாசி வந்துச்சு. "அழியறதுன்னு ஆச்சு, எல்லாரும் ஒண்ணா இருக்கலாம், கிளம்பி வா"ன்னு பெரியப்பா எழுதியிருந்தார். அப்பா ரெண்டு தடவை படிச்சார். "ரஜூலா கப்பலுக்கு டிக்கெட் எடுத்துப் போய்ச் சாகணுமாம்ல"ன்னு சொல்லிட்டுக் கடுதாசியை மடிச்சுக் கூரையில செருகிட்டார்.

லயத்துல பாதிப் பேருக்கு வயித்தைக் கலக்குது. ஆனா உலகம் அழியப்போற நாளு எது பாரு: பிப்ரவரி 5, திங்கக்கிழமை, சீனப் பெருநாள். புலி வருஷம் பொறக்குது. முதல் நாள் நமக்குத் தை அமாவாசை. அந்த வாரமே முஸ்லிம்களுக்கு நோன்பு மாசம். ஒரே ஒரு அமாவாசைதான், பேராண்டி. அதே இருட்டைப் பார்த்து நாம எள்ளும் தண்ணியும் விட்டோம், சீனர் சிவப்பு உறை தயார் பண்ணினாங்க, மலாய்க்காரர் பிறை எப்போ தெரியும்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. அழியும்னு சொன்னவனுக்கு மட்டும் அந்த இருட்டு அழிவாத் தெரிஞ்சிருக்கு.

பெருநாளுக்கு முன்னால வரவு செலவை முடிச்சிடணும்ங்கறது சீனர் வழக்கம். தோட்டத்து முனையில கடை வச்சிருந்த தவுக்கே, அந்த வாரம் பூரா 555 புத்தகத்தைக் கையில வச்சிக்கிட்டே திரிஞ்சார். சின்ன நீட்டுப் புத்தகம், பேருக்கு ஒரு பக்கம், அரிசி இவ்வளவு, நெத்திலி இவ்வளவு, கள்ளுக்கு முன்னால வாங்கின சிகரெட்டு இவ்வளவு. நம்ம ஆளு ஒருத்தர் (பேரு வேண்டாம், அவருக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு) போய் தவுக்கேகிட்ட விளக்கமா எடுத்துச் சொல்லியிருக்கார்: எட்டுக் கிரகம், மகரம், கேது, எல்லாம் அரைகுறை மலாயில. கடைசியில, "இனிமே கணக்குப் பார்த்து என்ன பண்ணப்போறே தவுக்கே, ரெண்டு பேரும்தானே போகப்போறோம்"னார். தவுக்கே பொறுமையாக் கேட்டுட்டு, "எத்தனை மணிக்கு?"ன்னார். "ராத்திரி." "இப்போ மணி அஞ்சுதானே. குடுத்துட்டுப் போ."

நடு ராத்திரிக்குக் கடை வாசல்ல சரவெடி கிளம்பிச்சு பாரு. அப்போ பட்டாசுக்குத் தடை கிடையாது. மேல கொம்புலேர்ந்து தரை வரைக்கும் தொங்கவிட்ட சரம். எங்க லயத்துல முருகா முருகான்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்த கூட்டம், முடிஞ்சுதுடா சாமின்னு ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து எழுந்துச்சு. கோழி கத்துது, நாய் ஓடுது. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் புகை வாசனை வந்தப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. மறுநாள் தவுக்கே எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஆளுக்கொரு மெண்டரின் ஆரஞ்சு குடுத்தார். எனக்கும் ஒண்ணு. கடன் சொன்னவர் வீட்டுக்கு ரெண்டு.

நான் இத்தனை வருஷமா யோசிச்சுப் பார்த்ததுல எனக்குத் தோணுறதைச் சொல்றேன், கோவிச்சுக்காதே. உனக்கு இருக்கறது பயம் இல்ல. ஆசை. தனியாப் போறதுதான் மனுஷனுக்குப் பயம். நாம போனப்புறமும் பக்கத்து வீட்டுக்காரன் ரொட்டி சானாய் தின்னுக்கிட்டு இருப்பான், நம்ம மோட்டாரை எவனோ ஓட்டுவான், அதுதான் தாங்க முடியலை. எல்லாரும் ஒரே நாள், ஒரே நேரம்னா என்ன ஒரு நிம்மதி! கடன் இல்ல, பரிட்சை இல்ல, பொண்ணு பார்க்கப் போய் அவங்க வேண்டாம்னு சொன்ன அவமானம் இல்ல, நம்மளைவிடப் பெரிய வீடு கட்டினவனும் காலி. அழிவுன்னு பேரு வச்சிருக்கான், உள்ள பிரிச்சுப் பார்த்தா கடன் தள்ளுபடி. இந்த மாசம் மோட்டார் தவணையைக் கட்டலைன்னு உங்க அம்மா சொல்லிச்சு. நான் ஒண்ணும் கேக்கலை.

அந்த 62லயே எங்க லயத்துல வேற ஒரு கூட்டமும் இருந்துச்சு. அதைச் சொல்லாம விட்டா கதை குறையாகிடும். அந்தக் காலத்துல தோட்டத்துத் தமிழனுக்கு நிஜமான அழிவு வானத்துலேர்ந்து வரலை, துண்டாடல்னு வந்துச்சு. வெள்ளைக்காரக் கம்பெனி தோட்டத்தை வித்துட்டுக் கிளம்புவான். வாங்கினவன் அஞ்சு ஏக்கர் பத்து ஏக்கரா வெட்டி விப்பான். லயத்துல ரெண்டு தலைமுறையா இருந்தவன் சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வருவான். அதுக்கு மாத்து மருந்தா 1960ல வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சார். ஒரு பங்கு நூறு வெள்ளி, மாசம் பத்து வெள்ளியாக் கட்டலாம். தோட்டம் தோட்டமாப் போய்க் கேட்டார். அடுத்த வருஷமே கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கிடுச்சு, நம்மளுக்குக் கூப்பிடு தூரம். பால் வெட்டுறவன் காசுல, பால் வெட்டுறவனுக்கே தோட்டம்.

அப்போ ஒரே லயத்துல, ஒரே சம்பள நாள்ல, ரெண்டு உண்டியல். ஒண்ணு அஷ்டகிரக சாந்திக்கு. இன்னொண்ணு பத்து வெள்ளிப் பங்குக்கு. எங்க அம்மா சாந்திக்குப் போடச் சொல்லிச்சு. அப்பா, "மகரத்துக்கு எட்டுப் பேர் வந்திருக்காங்க, எட்டுப் பேருக்கும் நான் சோறு போட முடியாது"ன்னு சொல்லிட்டுப் பங்குக்குக் கட்டினார். அம்மா மூணு நாள் பேசலை. சண்டையில அம்மா ஜெயிக்கலை, அப்பாவும் ஜெயிக்கலை: அவருக்குத் தெரியாம ஒரு வெள்ளி எடுத்துச் சாந்திக்கும் போட்டுட்டு வந்துடுச்சு அம்மா. உலகம் காப்பாத்தப்பட்டதுக்கு அந்த ஒரு வெள்ளிதான் காரணம்னு கடைசி வரைக்கும் சொல்லும். மறுக்க முடியுமா? நிரூபிக்கவும் முடியாது. ஹோமம் பண்ணினவன் சாமர்த்தியமே அதுதான். அழிஞ்சா சொன்னது பலிச்சுது, அழியலைன்னா செஞ்சது பலிச்சுது. இந்த யாவாரத்துல நட்டம்னு ஒண்ணு கிடையாது. அந்த வருஷம் அக்டோபர்ல சீனா இந்தியா மேல படையெடுத்தப்போ, பார்த்தீங்களா அஷ்டகிரகம்னு எட்டு மாசம் கழிச்சுப் பாக்கி வசூல் பண்ணினாங்க.

சரி, கிரகம் ஒண்ணா நின்னா இழுக்குமா இழுக்காதா? அதையும் பார்த்துடுவோம். ராத்திரி பட்டர்வொர்த் ஃபெரித் துறையில நின்னு அக்கரையைப் பாரு. ஃபெரி விளக்கு, அதுக்கு மேல கொம்தார் விளக்கு, அதுக்கும் மேல கொடிமலை விளக்கு, மூணும் ஒரே கோட்டுல வரும். மூணும் முட்டிக்கிச்சுன்னு கத்துவியா? அந்த 62ல குரு நம்மகிட்டேர்ந்து தொண்ணூறு கோடி கிலோமீட்டர், சனி நூத்தம்பது கோடிக்கும் அந்தப் பக்கம். நாம பார்க்கற கோணத்துல வரிசையாத் தெரியுது, அவ்வளவுதான். இழுக்கறதுன்னா சந்திரன் இழுக்கும், சூரியன் அதுல பாதிக்குக் கொஞ்சம் குறைவா இழுக்கும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ரெண்டும் சேர்ந்து இழுக்கறதை ஃபெரியில கயிறு கட்டினவனைக் கேளு, தண்ணி எவ்வளவு ஏறும், எவ்வளவு வத்தும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவான். மத்த கிரகத்துல கடலைப் பலமா இழுக்கறது சுக்கிரன்தான். அது எவ்வளவு கிட்ட வந்தாலும், சந்திரனோட இழுப்பைப் பத்தாயிரம் பங்கு போட்டு அதுல ஒரு பங்குகூடத் தேறாது. மாசம் ரெண்டு தடவை சந்திரன் வந்து தண்ணியை ஏத்தி இறக்கிட்டுப் போறார். அவருக்கே அழியாத பட்டர்வொர்த் சுக்கிரனுக்கா அழியும்?

இந்த விஷயத்துல படிச்சவனும் சறுக்கியிருக்கான். ஜான் கிரிபின், ஸ்டீபன் பிளேகமன்னு ரெண்டு பேர், விஞ்ஞானம் படிச்சவங்க, 1974ல 'ஜூபிட்டர் எஃபெக்ட்'னு புத்தகம் போட்டாங்க. 1982ல கோளெல்லாம் சூரியனுக்கு ஒரே பக்கம் வரும், அதுல கலிபோர்னியா நிலப்பிளவு பிளந்து லாஸ் ஏஞ்சலஸ் போயிடும்னு. மார்ச் 10ஆம் தேதின்னு ஜனங்க நாள் வச்சிக்கிட்டுக் காத்திருந்தாங்க. காலையில எழுந்து பல்லு விளக்கினாங்க. அதே ரெண்டு பேரும் கொஞ்ச நாள்லயே அதைத் திருத்தி இன்னொரு புத்தகம் போட்டாங்க. அழிவு வரும்னு ஒரு புத்தகம், ஏன் வரலைன்னு ஒரு புத்தகம். ரெண்டும் வித்துச்சு.

அதே 1982ல இங்க என்ன நடந்துச்சு தெரியுமா? பினாங்குப் பாலத்துக்குக் கடல்ல தூண் இறக்க ஆரம்பிச்சாங்க. பதிமூணரை கிலோமீட்டர். 1985ல வண்டி ஓடிச்சு. அப்புறம் 2012 டிசம்பர் 21, மாயன் காலண்டர் முடியுது, உலகமும் முடியுதுன்னு ஊரெல்லாம் பேச்சு, படமே வந்துச்சு. பிரான்ஸுல புகராச்னு ஒரு மலை அடிவாரத்துக் கிராமத்துல போய் ஒளிஞ்சா தப்பிக்கலாம்னு வேற வதந்தி. அன்னிக்கு பத்து காவான்லேர்ந்து பத்து மாவுங் வரைக்கும் ரெண்டாவது பாலத்துல வேலை நடந்துக்கிட்டு இருக்கு, இருபத்து நாலு கிலோமீட்டர். 2014 மார்ச்சுல திறந்தாங்க. உலகம் முடியுதுன்னு எவனாவது தேதி குறிச்சா இங்க ஒரு பாலம் ஏறுது. மூணாவது பாலம் வேணும்னா நல்ல ஜோசியராப் பார்த்துப் பிடிக்கணும் போல.

மாயன்காரன்மேல பழி போடறதுதான் எனக்கு ஆத்திரம். அவன் எங்கடா உலகம் முடியும்னான்? கி.மு. 3114லேர்ந்து எண்ண ஆரம்பிச்ச ஒரு பெரிய சுத்து 2012ல நிறைஞ்சுது, அவ்வளவுதான். பலெங்கேன்னு ஒரு ஊர்ல பகால்னு ஒரு ராஜா. அவன் பட்டம் கட்டின நாளை வருங்காலத்துல எப்போ கொண்டாடணும்னு கோயில் கல்வெட்டுலயே தேதி வெட்டி வச்சிருக்காங்க. எந்தத் தேதி? நம்ம கணக்குக்குக் கொண்டுவந்தா கி.பி. 4772 அக்டோபர் 21. உலகம் முடியும்னு நினைக்கறவன் இவ்வளவு தூரத்துக்கு விழாவுக்கு நாள் குறிப்பானா?

நம்ம ஆளுங்க கணக்கும் ஒண்ணும் குறைச்சல் இல்ல. கலியுகம் கி.மு. 3102ல ஆரம்பம், மொத்தம் 4,32,000 வருஷம். ஓடினது ஐயாயிரத்துச் சொச்சம். இன்னும் நாலு லட்சத்து இருபத்தாறாயிரத்துக்கு மேல பாக்கி. கோயில்ல சங்கல்பம் பண்ணும்போது ஐயர் கலியுகத்துல முதல் பாதம்னு சொல்றது உன் காதுல விழறதில்ல, வடை வாசனை மட்டும் விழுது. கலி முத்திப்போச்சுன்னு சொல்றவனுக்கு, அவன் நம்புற சாஸ்திரப்படியே கலிக்கு இன்னும் மீசைகூட முளைக்கலை.

பழங்காலத்து ரகசியம்தான் வேணும்னா எகிப்துக்கு ஏன் போறே? நம்ம செபராங் பிறை மண்ணுலேயே கிடைச்சிருக்கு. 1834ல ஜேம்ஸ் லோன்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி இங்க ஒரு கல்லைக் கண்டுபிடிச்சார். அதுல ஸ்தூபி படம், பக்கத்துல பழைய எழுத்து. அஞ்சாம் நூற்றாண்டுங்கறாங்க. இப்போ கல்கத்தா அருங்காட்சியகத்துல இருக்கு. ரத்தமிருத்திகைங்கற ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன், மகாநாவிகன், பெரிய கப்பலோட்டி, அவன் வெட்டி வச்சது. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்து ரகசியம் என்னவா இருக்கும்? பயணம் நல்லபடியா நடக்கணும், போன காரியம் ஜெயிக்கணும்னு வேண்டுதல். நட்சத்திரத்தைப் பார்த்தே கடல்ல கப்பல் ஓட்டினவன் அவன். உன்னைவிட வானத்தை நல்லாப் படிச்சவன். இந்தக் கரையில இறங்கி, கல்லைத் தேடி, ஆளைப் பிடிச்சு வெட்டச் சொன்ன சேதி, நான் பத்திரமாத் திரும்பணும்ங்கறது.

இதோட கேலியைக் கொஞ்சம் நிறுத்திக்கறேன். நம்ம ஊருக்கு அழிவு வராமலா இருந்துச்சு? 1941 டிசம்பர் 11, ஜப்பான்காரன் விமானம் ஜார்ஜ் டவுன் மேல வந்தப்போ ஜனங்க தெருவுல நின்னு அண்ணாந்து வேடிக்கை பார்த்தாங்க. நம்ம விமானம்னு நினைச்சவங்க உண்டு. குண்டு விழுந்தப்புறம்தான் ஓடினாங்க. அப்புறம் சயாம் ரயில் ரோட்டுக்குத் தோட்டத்துத் தமிழன் ஆயிரமாயிரமாப் போனான், திரும்பி வந்தவன் கொஞ்சம். அதை எந்த ராசிபலனும் முன்கூட்டிச் சொல்லலை.

1988 ஜூலை 31, ஞாயித்துக்கிழமை. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற குவான் யின் ஊர்வலம் அக்கரையில. இந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாம்ல செயிண்ட் ஆன் திருவிழா. ஃபெரி ஏற ஜனங்க நெருக்கியடிச்சு நிக்குது. சாயங்காலம் அஞ்சு மணி ஆகலை, ஃபெரித் துறையோட மேல்தளம் கூட்டத்தோட கீழ விழுந்துச்சு. 32 பேர் செத்தாங்க, 1,634 பேருக்குக் காயம். அந்தத் தளம் எத்தனை பேரைத் தாங்கும்னு ஒரு கணக்கு இருக்குல்ல, அந்தக் கணக்கைத்தான் அன்னிக்குப் பார்த்திருக்கணும்.

2004 டிசம்பர் 26. சுமத்ராவுல நிலம் ஆடினப்போ நம்ம நேரத்துக்குக் காலையில ஒன்பது மணி. தண்ணி பினாங்குக்கு வந்தது மத்தியானம் ஒரு மணிக்கு மேல. நடுவுல நாலு மணி நேரம். பத்து பெரிங்கிக்குக் குடும்பத்தோட குளிக்கப் போனவங்க, பாலிக் பூலாவ் பக்கம் கரையோரத்துல இருந்தவங்க, பினாங்குல மட்டும் 52 பேர், நாடு பூரா 68. வடக்கே கோத்தா கோலா மூடாவுல வீடெல்லாம் போச்சு. இந்துமாக்கடலுக்கு அப்போ எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. நாலு மணி நேரம் இருந்தும் ஒரு போன் வரலை. மீன ராசியைப் பத்தி உனக்கு ஆறு மாசத்துக்கு முன்னாடியே படம் வருது பாரு, அதைப் பார்க்கறப்பல்லாம் எனக்கு அந்த நாலு மணி நேரம்தான் ஞாபகம் வரும்.

சரி, மூஞ்சியைத் தூக்காதே. உனக்கு வானத்துல ஒண்ணு பார்க்கணும்னா நானே தேதி சொல்றேன், எழுதிக்க. 2040 செப்டம்பர் 8. புதன், சுக்கிரன், செவ்வாய், குரு, சனின்னு கண்ணுக்குத் தெரியற அஞ்சும் பத்துப் பாகைக்குள்ள வந்து நிக்கும், கூடவே பிறை நிலா. பொழுது சாஞ்சதும் மேற்கே, அக்கரை மலைக்கு மேல, மழை மேகம் இல்லைன்னா. காசு கிடையாது, கண்ணாடி வேண்டாம். அப்போ எத்தனை பேர் என்னென்ன படம் போட்டு உலகத்தை முடிப்பாங்கன்னு நினைச்சாலே எனக்கு இப்பவே சிரிப்பு வருது. நான் இருந்தா என்னைக் கூட்டிக்கிட்டுப் போ, கச்சான் வாங்கிக் குடு. இல்லைன்னா நீ மட்டும் போ, உன் பொண்டாட்டி பிள்ளையோட. அதுக்கு முதல்ல பொண்ணு பார்க்கணும், பொண்ணு வீட்டுல மோட்டார் யார் பேருல இருக்குன்னு கேப்பாங்க.

நாளைக்கு அந்தக் கிரக சாந்திக்கு நூறு வெள்ளி கட்டப் போறேன்னு உங்க அம்மாகிட்ட சொன்னியாமே. போ, நான் தடுக்கலை. எங்க அம்மாவோட ஒரு வெள்ளி உலகத்தைக் காப்பாத்தியிருக்கு, உன் நூறு வெள்ளி என்னென்ன பண்ணுமோ. ஆனா ரசீது வாங்கிக்க. அதுல தேதி போடச் சொல்லு, கையெழுத்து வாங்கு, "பலன் இல்லையேல் பணம் திருப்பித் தரப்படும்"னு ஒரு வரி சேர்க்கச் சொல்லு. எழுதமாட்டேன்னா, அதே நூறு வெள்ளியை எடுத்துக்கிட்டு நேரா மோட்டார் கடைக்குப் போ. அவன் கேக்காமலே ரசீது குடுப்பான், அடுத்த மாசத் தேதியும் அதுலயே போட்டிருப்பான்.